மலையிலிருந்து இறங்கும் படகு: சிறிய அலுமினியப் படகைத் தேர்வதும் திருத்துவதும்

மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டங்களில் தூண்டில் பிடித்துப் பழகியவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கரையை விட்டு நீருக்குள் போக ஆசைப்படுகிறார்கள். கரையிலிருந்து வீசும் தூண்டில் எட்டாத இடத்தில்தான் பெரிய மீன் நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். கையில் இருக்கும் பணத்துக்கு, ‘பாஸ்’ மீன் பிடிக்கவென்றே கட்டும் நவீன பாஸ் படகு கட்டுப்படியாகாது. எனவே பன்னிரண்டு அடி, பதினான்கு அடி நீளத்தில் ஓர் அலுமினியப் படகை, பெரும்பாலும் பழையதாக வாங்கி, தங்கள் கையாலேயே திருத்திக்கொள்கிறார்கள். எந்தப் படகை வாங்குவது, வாங்கியதில் எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்ற மூன்று கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய படகைத் தேர்ந்தெடுப்பதில் முதலில் பார்க்க வேண்டியது எடை. திருத்துவதில் முதலில் பார்க்க வேண்டியவை உயரமும் மிதப்பும். அழகு, வசதி, வேகம் எல்லாம் இவற்றுக்குப் பின்னால்தான். இந்த வரிசையை மாற்றிப்போட்டால் நல்ல படகுகூட ஆளைக் கவிழ்க்கும்.

நீர் எங்கே, மீன் எங்கே?

உலகம் பொதுவாகப் பாஸ் என்று சொல்வது வட அமெரிக்காவின் பெருவாய் பாஸை. மலேசியாவில் அந்த இடத்தை வேறு மூன்று மீன்கள் பிடித்திருக்கின்றன. முதலாவது, தூண்டில்காரர்கள் ‘ராஜா’ என்று அழைக்கும் மயில் பாஸ். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இது, 1990களில் இங்கே கொண்டுவரப்பட்டுப் பேராக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பெருகியது. இரண்டாவது, நம் விராலின் பெரிய உறவான தோமான். ஒரு மீட்டரைத் தாண்டியும் வளரும். மூன்றாவது, ஓடும் நீரையும் அணை ஏரியையும் விரும்பும் செபாராவ். மூன்றுமே இரையைத் துரத்திப் பிடிப்பவை. செயற்கை இரையைப் பாய்ந்து அடிப்பவை. ஆகவே அமெரிக்கப் பாஸ் தூண்டில்காரர் படகில் எதை எதிர்பார்க்கிறாரோ அதையே நம்மவர்களும் எதிர்பார்க்கிறார்கள்: சத்தமில்லாமல் நகர வேண்டும், நின்றபடி வீச இடம் வேண்டும், முட்டுக்கட்டைகளுக்கு நடுவே திரும்ப வேண்டும்.

மலையிலேயே ஓர் ஏரி இருக்கிறது. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையால் உருவானது ரிங்லெட் ஏரி. அதன் நீர் சுரங்கக் குழாய் வழியாக மலைக்குள் இறங்கிப் பேராக் பக்கத்தில் மின்சாரமாகிறது. ஆனால் இந்த ஏரி படகோட்டிக்கு ஏற்றதாக இல்லை. மேலே காடழித்துப் போட்ட காய்கறித் தோட்டங்களிலிருந்தும் கட்டுமானங்களிலிருந்தும் வரும் மண் ஏரியைத் தூர்த்துவருகிறது. ஆகாயத்தாமரை படர்கிறது. மின் உற்பத்திக்கு ஏற்ப நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. 2013 அக்டோபர் 23 அன்று இந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியானதை யாரும் மறந்திருக்க முடியாது. அணை நீர் மின்நிலையத்துக்காகத் தேக்கிய நீர். அனுமதி கேட்காமல் அதில் படகை இறக்குவது தவறு. இதோடு, மயில் பாஸ் வெப்பமண்டல மீன். நீர் 15, 16 டிகிரிக்குக் கீழே போனால் அது பிழைப்பது அரிது. மலையின் குளிர்ந்த நீர் அதற்கு உகந்ததல்ல.

எனவே படகு மலையை விட்டு இறங்கியாக வேண்டும். ஒரு பக்கம் தாப்பா வழியாகக் கம்பார், பத்து காஜா சுற்றுவட்டார ஈயக் குட்டைகள். இன்னொரு பக்கம் சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ. அதற்கும் வடக்கே 1930இல் முடிந்த, நாட்டின் மிகப் பழைய நீர்மின் அணையான செண்டெரோ. மேலும் வடக்கே தெமெங்கோர். கிழக்குக் கரையில், தீபகற்பத்தின் மிகப் பெரிய ஏரியான கென்யிர். இந்த நீர்நிலைகள் எல்லாவற்றுக்கும் ஒரே படகு பொருந்தாது. இதை ஏற்றுக்கொள்வதிலிருந்துதான் தேர்வு தொடங்குகிறது.

அலுமினியம் ஏன்?

இரண்டாம் உலகப் போரில் விமானம் கட்டிய அமெரிக்காவின் குரம்மன் நிறுவனம், 1945இல் அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்துத் தோணி செய்யத் தொடங்கியது. விமான உடலைக் கட்டிய அதே தொழில்நுட்பம் படகுக்கு வந்தது அப்போதுதான். இரும்பின் அடர்த்தி 7.8 என்றால் அலுமினியத்தின் அடர்த்தி 2.7. இந்த வித்தியாசம்தான் இரண்டு பேர் தூக்கிச் செல்லக்கூடிய படகைச் சாத்தியமாக்கியது.

நம் ஊரில் ஃபைபர் படகுகளே அதிகம். அவை அலையில் மென்மையாகப் போகும், சத்தமும் குறைவு. ஆனால் தெமெங்கோரிலும் கென்யிரிலும் நீருக்குள் நிற்கும் பட்டமரங்களில் இடித்தால் ஃபைபரின் மேற்பூச்சு விரிசல் விடும். அந்த விரிசல் வழியே நீர் உள்ளே ஊறும். அலுமினியம் பெரும்பாலும் ஒடுங்குவதோடு நின்றுவிடும். ஈயக் குட்டைகளில் படகுத்துறை என்று எதுவும் கிடையாது. மணலும் களியும் கலந்த செங்குத்தான கரையில் படகைக் கையால் இறக்கி, மாலையில் கையாலேயே ஏற்ற வேண்டும். கல்லில் உரசினாலும் தாங்குகிற, தோள் தாங்குகிற எடையுள்ள படகு அங்கே வேண்டும். நான் பார்த்தவரை அலுமினியத்துக்கு ஆதரவான மிக வலுவான காரணம் இந்தக் கரைதான்.

அடிப்பாகம், நீளம், எடை

சிறிய அலுமினியப் படகுகளில் இரண்டு வடிவங்கள் முக்கியம். ஜான் படகு என்னும் தட்டை அடி ஆழமில்லாத நீரில் நகரும்; நின்றால் ஆடாது; விலை குறைவு. ஆனால் காற்றடித்து அலை எழுந்தால் ஒவ்வோர் அலையும் அடித்தட்டில் அறையும். முனையில் கூர்மையாகத் தொடங்கிப் பின்னால் தட்டையாகும் அரை-வி வடிவம் அலையை வெட்டிச் செல்லும். ஆனால் நிற்பவருக்குச் சற்று ஆட்டம் கூடும். குட்டைக்குத் தட்டை அடி, ஏரிக்கு அரை-வி என்று நினைவில் வைத்தால் பெரும்பாலும் தவறாது.

படகின் எண்ணை வாசிக்கத் தெரிந்திருப்பது நல்லது. 1232 என்றால் 12 அடி நீளம், அடித்தட்டு 32 அங்குல அகலம். 1436 என்றால் 14 அடி, 36 அங்குலம். பார்ப்பதற்கு இரண்டடிதான் வித்தியாசம். ஆனால் அகலமும் சேர்ந்து கூடுவதால் தாங்கும் பாரமும் நிற்கும் உறுதியும் நிறையவே மாறும். 12 அடித் தட்டைப் படகின் வெற்றுடல் ஏறத்தாழ 50 முதல் 60 கிலோ. 14 அடி என்றால் 70, 80 என்று போகும்.

இங்கேதான் மலைச்சாலை வந்து குறுக்கே நிற்கிறது. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்குச் சுமார் 60 கிலோமீட்டர், வளைவுக்கு வளைவு. எதிரே சுற்றுலாப் பேருந்துகளும் காய்கறி லோரிகளும் வரும். அந்தப் பாதையில் டிரெய்லர் இழுப்பது பழக்கமில்லாதவருக்கு ஆபத்து. கூரையில் கட்டிக்கொண்டு போகலாம் என்றால், பெரும்பாலான கார்களின் கூரை 50 முதல் 75 கிலோவுக்கு மேல் தாங்காது. கட்டும் கம்பியின் எடையும் அதில் சேர்த்தி. ஆகவே கார்க்காரருக்கு 12 அடிதான் எல்லை. பிக்கப் வைத்திருப்பவர் 14 அடியை யோசிக்கலாம். வாலுக்கு வெளியே நீளும் பகுதிக்குத் தாங்குகட்டையும் சிவப்புத் துணியும் மறக்கக் கூடாது. சாலைக்குப் பொருந்தாத படகு கொட்டகையில்தான் கிடக்கும்.

பழைய படகை வாங்கும்போது இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, இரண்டு கட்டைகள் மேல் படகை நிமிர்த்தி வைத்து, உள்ளே சில அங்குல உயரத்துக்கு நீர் ஊற்றி அடியில் குனிந்து பார்ப்பது. எந்த ரிவெட் தளர்ந்திருக்கிறதோ அங்கே சொட்டு தெரியும், சுண்ணாம்புக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம். தளர்ந்த ரிவெட்டை உள்ளிருந்து இரும்புக் கட்டையால் தாங்கி வெளியிலிருந்து சுத்தியால் அடித்து இறுக்கலாம். சீலண்ட் பூசுவது அதற்குப் பிறகுதான். மற்றொன்று, எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் இருக்கும் மரத்தை ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்ப்பது. கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் உள்ளே மக்கியிருக்கிறது; அதை மாற்றாமல் எஞ்சின் மாட்டக் கூடாது.

பெஞ்சை அறுக்கும் முன்

வாங்கியவுடன் பலரும் செய்யும் முதல் வேலை நடு பெஞ்சை அறுத்தெடுப்பது. நடக்க இடம் கிடைக்கும், படகு பெரியதாகத் தெரியும். ஆனால் அந்தப் பெஞ்சு உட்காருவதற்காக மட்டும் வைத்ததல்ல. இரு பக்கச் சுவர்களும் விரியாமலும் ஒடுங்காமலும் தாங்கிப் பிடிப்பது அது. அதற்குள் அடைத்திருக்கும் நுரைதான் படகு நீர் நிறைந்தாலும் மூழ்காமல் காப்பது. அறுத்தால் எலும்பும் நுரையீரலும் ஒருசேரப் போகின்றன. அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த, பின்பலகையில் எஞ்சின் மாட்டும் பெரும்பாலான படகுகள் நீர் நிறைந்தாலும் மட்டமாக மிதக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஓர் இளைஞர் ஒரு மத்தியானத்தில் அறுத்தெடுப்பது அந்தச் சட்டம் காப்பாற்ற நினைத்த பொருளைத்தான்.

எவ்வளவு நுரை வேண்டும் என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். ஒரு லிட்டர் மூடிய அறை நுரை நீரில் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். 55 கிலோ அலுமினிய உடல் நீருக்குள் மூழ்கும்போது, அது விலக்கும் நீரைக் கழித்தால் எடை சுமார் 35 கிலோ. பாட்டரி, மோட்டார், சாமான்களுக்கு 25 கிலோ என்று வைப்போம். கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் இரண்டு பேருக்கு ஆளுக்கு 12 கிலோ. மொத்தம் 85 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பாதுகாப்புக்குச் சற்றுக் கூட்டி 100 லிட்டர் நுரை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பெரும்பகுதியை இரு பக்கங்களிலும் உயரத்தில் வைக்க வேண்டும். அடியில் வைத்தால் நீர் நிறைந்த படகு தலைகீழாகப் புரளப் பார்க்கும். பெஞ்சை எடுக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் இந்த 100 லிட்டருக்கு இடம் காட்டுங்கள். பக்கச் சுவர்களுக்கு வேறு தாங்கு கொடுங்கள். அதன் பிறகு ரம்பத்தை எடுங்கள். துளை உள்ள பொதிநுரை நீரை உறிஞ்சும்; அது படகுக்கு ஆகாது.

மேடையின் ஆசை

அடுத்த ஆசை, நின்று வீசுவதற்கு உயர்ந்த மேடை. இந்த ஆசைக்கு ஒரு வரலாறு உண்டு. லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் ஹோம்ஸ் தர்மண்ட் 1948இல் கட்டிய ‘ஸ்கீட்டர்’ முதல் பாஸ் படகு எனப்படுகிறது. 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் பாஸ் போட்டி நடத்திய பிறகு படகுகள் போட்டிக்கென்றே வளர்ந்தன. இன்றைய போட்டிப் படகுகள் 20 அடி நீளம், ஏறத்தாழ 2.4 மீட்டர் அகலம். உயரமான மேடை பிறந்த இடம் அந்த அகலத்தில். அதன் பாதி அகலமுள்ள நம் படகில் அதே மேடையைப் போடுவதுதான் பிழை.

கணக்கைப் பாருங்கள். உடல் 55 கிலோ. இரண்டு ஆள் 150. ஈயப் பாட்டரி 28. மின் மோட்டார் 12. தூண்டில் சாமான் 15. 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை ஒரு முழு ஷீட் சுமார் 30. மொத்தம் 290 கிலோ. இதில் இரண்டு ஆளும் 30 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால், மொத்தப் பாரத்தின் ஈர்ப்பு மையம் 15 சென்டிமீட்டருக்கும் மேலே ஏறிவிடும். அடித்தட்டின் அகலமோ 80 சென்டிமீட்டர்தான். ஒரு தோமான் படகின் அடியில் பாய்ந்து ஓடும்போது இருவரும் ஒரே பக்கம் சாய்ந்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

பாரத்தின் எல்லையும் இதே கணக்கில் தெரிகிறது. தாங்கும் பாரத்தைக் குறிக்கும் தகடு இல்லாத படகுக்கு ஆள் கணக்குப் பார்க்க அமெரிக்கக் கடலோரக் காவல்படை சொல்லும் எளிய வழி: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுப்பது. 12 அடியும் 4 அடியும் என்றால் மூன்று பேர். ஆனால் குறுகிய 12 அடிப் படகுகள் பலவற்றின் தகட்டில் ஆள், எஞ்சின், சாமான் எல்லாம் சேர்த்து 200 கிலோவைச் சுற்றியே அனுமதி இருக்கும். மேலே சொன்ன சுமை, உடல் எடையைக் கழித்தாலும், அதைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சுமையில் பலகை மட்டுமே 30 கிலோ.

இதற்கு நல்ல மாற்று, தரையைச் சமப்படுத்துவது. விலா எலும்புகளுக்கு நடுவே மூடிய அறை நுரையை நிரப்பி, மேலே 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைப் பதித்தால் கால் சறுக்காத, உயரம் கூடாத, மிதப்பும் கூடுகிற தரை கிடைக்கும். முழு ஷீட் அளவுத் தகடு 16 கிலோதான். பலகையைப் போல நீரை ஊறி எடை கூடாது. அதன்மேல் ரப்பர் பாயோ ஈ.வி.ஏ. பாயோ ஒட்டினால் கிளிப் விழும் சத்தமும் செருப்புச் சத்தமும் நீருக்குள் போகாது. அலுமினியத்தின் பெரிய குறை சத்தம். குஞ்சுகளோடு மேலே வரும் தோமான், மூச்சு வாங்கப் போகும் அந்த நொடியில் சிறு தட்டலையும் உணர்ந்து கலைந்துவிடும். மேடை வேண்டியே தீருமென்றால் முனையில் மட்டும், ஒருவர் நிற்க, பக்கச் சுவரின் உயரத்துக்கு நன்றாகக் கீழே இருக்கட்டும்.

மோட்டாரும் பாட்டரியும்

மின் தூண்டில் மோட்டார் புதிய சமாச்சாரம் இல்லை. வட டகோட்டாவின் ஃபார்கோவில் 1934இலேயே அது செய்யப்பட்டது. சிறிய குட்டையில் பெட்ரோல் எஞ்சினே தேவையில்லை. 100 பவுண்டு மொத்த எடைக்கு 2 பவுண்டு உந்துவிசை என்பது குறைந்தபட்சக் கணக்கு. நம் 290 கிலோ, ஏறத்தாழ 640 பவுண்டுக்கு 13 போதும். காற்றை எண்ணி 30, 40 என்று வாங்கலாம். 55 பவுண்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டினால் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும்; ஆகவே முழு வேகத்தில் ஒரு மணி நேரம்தான். 12 ஆம்பியரில் மெதுவாகப் போனால் நான்கு மணி நேரம். அதே அளவு லித்தியம் பாட்டரி ஏறத்தாழ இரட்டிப்பு நேரம் ஓடும். எடையோ 12 கிலோவைச் சுற்றி. விலை கூடுதல்தான். ஆனால் நடு பெஞ்சை அறுக்காமல், மேடை கட்டாமல் மிச்சப்படுத்தும் பணத்தை இதில் போட்டால், ஒரே அடியில் 15 கிலோ குறைகிறது.

பாட்டரியை நடுவுக்கு முன்னே, தரையோடு கட்டி வையுங்கள். பின்னால் ஆளும் எஞ்சினும் பாட்டரியும் சேர்ந்தால் முனை தூக்கும். பின்பலகை வழியே அலை உள்ளே வரும். பாட்டரிக்கு அருகிலேயே பிரேக்கர் வேண்டும். இரு கம்பிகளும் பாட்டரிக்கே திரும்ப வேண்டும். படகின் உடலை எதிர்மின் கம்பியாகப் பயன்படுத்தினால் மின்கசிவு அலுமினியத்தைத் தின்னும்.

அரிப்பு

அலுமினியத்தின் நிஜ எதிரி செம்பு. பூச்சி அரிக்காமல் பதப்படுத்திய மரப்பலகையில் செம்புச் சேர்மம் இருக்கும். அதை ஈரத்தோடு அலுமினியத்தின் மேல் பதித்தால் சில ஆண்டுகளில் தகட்டில் ஊசித்துளைகள் விழும். நீரை உறிஞ்சிப் பிடித்துவைக்கும் கம்பளம் அதை இன்னும் விரைவுபடுத்தும். அடியில் விழுந்து மறந்துபோன சில்லறைக் காசும் ஈயக்குண்டும்கூட அதே வேலையைச் செய்யும். ஒவ்வொரு முறையும் தரையைத் துடைக்கும்போது அவற்றைப் பொறுக்கிவிட வேண்டும். துருப்பிடிக்காத எஃகு திருகு போடும் இடத்தில் நைலான் வளையம் வையுங்கள். சில பழைய சுரங்கக் குட்டைகளின் நீர் அமிலத்தன்மை கூடியது. அலுமினியத்தைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் அதில் கரையும். வீடு திரும்பியதும் நல்ல நீரில் கழுவுவது வெறும் சுத்தத்துக்காக அல்ல.

நீருக்கு நாம் செய்ய வேண்டியது

படகு ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அதன் அடிநீரிலும் செடியிலும் வேறு உயிர்களும் பயணம் செய்கின்றன. மயில் பாஸ் நம் நீரில் பரவியதற்கு மனிதக் கையே காரணம். அது உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று வளர்கிறது. பிடித்த ராஜாவை உயிரோடு வேறு நீரில் விடுவதும், மலையின் ஓடையில் விட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பதும் பெரும் கேடு. மாறாக, தோமான் இந்த மண்ணின் மீன். சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் காக்கும் தாய் தகப்பனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூட்டம் முழுதும் மற்ற மீன்களுக்கு இரையாகும். ராயல் பெலும் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களுக்குள் போக அனுமதி பெற வேண்டும். தனியார் குட்டையில் உரிமையாளரைக் கேட்க வேண்டும்.

தெமெங்கோரும் கென்யிரும் வேறு அளவு நீர். பிற்பகலில் இடியோடு வரும் காற்று திறந்த ஏரியில் எழுப்பும் அலையைப் பன்னிரண்டு அடித் தட்டைப் படகு தாங்காது. அங்கே போகிறவர் உள்ளூர்ப் படகோட்டியை அமர்த்திக்கொள்வதே சரி. அவருக்குப் பட்டமரம் எங்கே, காற்று எப்போது என்று தெரியும். சிறிய அலுமினியப் படகுக்கு உரிய இடம் குட்டையும் செண்டெரோவின் ஒதுங்கிய விரிகுடாக்களும்தான்.

எதற்கு முதலில் செலவழிப்பது?

தோட்டத்தில் சம்பாதிப்பவருக்கு ஒரே மூச்சில் எல்லாம் செய்ய முடியாது. எனவே வரிசை முக்கியம். முதலில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். அதை அணிந்தே படகில் ஏறுவது. இரண்டாவது, தளர்ந்த ரிவெட்டும் மக்கிய பின்பலகையும். மூன்றாவது, குறைந்த நுரையை ஈடுகட்டுவது. நான்காவது, தரையைச் சமப்படுத்தி ரப்பர் பாய் ஒட்டுவது. ஐந்தாவது, மின் மோட்டாரும் கட்டி வைத்த பாட்டரியும். மீன் காட்டும் கருவியும் விளக்கும் நாற்காலியும் ஆறாவதாக, பணமும் எடையும் மிஞ்சினால்.

ஒவ்வொரு பொருளையும் படகில் ஏற்றும் முன் தராசில் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் தகட்டின் எண்ணைத் தொட்டதும் நிறுத்துங்கள். பிறகு ஏதேனும் சேர்க்க விரும்பினால், முதலில் ஏதேனும் ஒன்றை இறக்குங்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறவரின் படகு விலைகுறைந்ததாக, பழையதாக, அழகில்லாததாக இருக்கலாம். ஆனால் அதில் போகும் இரண்டு பேரும் மாலையில் கரைக்கு வருவார்கள், மறுவாரமும் போவார்கள். சிறிய படகைத் திருத்துவதன் நோக்கம் இதைவிடப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை.